மைனஸ் அறுநூற்று எண்பது

என் மனைவிக்கு வெள்ளிமலைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. எனக்குக் கள்ளக்குறிச்சியை ஒட்டி நாலு ஏக்கர் மரவள்ளி. காலையில் அவளை மலையில் விட்டுவிட்டு வந்து கொல்லையைப் பார்க்கலாம் என்றுதான் ஒரு பழைய டீசல் ஜீப்பை வாங்கினேன். நாலு சக்கரமும் இழுக்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். கோமுகி அணையைத் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் அது இழுக்கவில்லை, பெருமூச்சு விட்டது. இரண்டாவது வளைவிலேயே மினி பஸ் எங்களை முந்திவிடும். ஜன்னலோரம் இருப்பவர்கள் என் மனைவியை அடையாளம் கண்டுகொண்டு, "சிஸ்டர், மெதுவா வந்துகினு இருங்க, நாங்க போய் ஆஸ்பத்திரி சீட்டு வாங்கிக்கினு ஒக்காந்திருக்கோம்" என்று கையாட்டிவிட்டுப் போவார்கள். அவள் சிரிப்பாள். எனக்குத்தான் வயிறு எரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் வீடியோ பார்த்து, டீசல் பம்ப்பில் இருந்த ஒரு திருகை ஒன்றரைச் சுற்று முறுக்கினேன். டீசல் ஜாஸ்தி போனால் இழுவை ஜாஸ்தி வரும் என்று அந்த வீடியோக்காரர் சொன்னார். சொன்ன மாதிரியே வந்தது. மறுநாள் மினி பஸ்ஸை முந்தினேன். கண்ணாடியில் திரும்பிப் பார்த்தால் பஸ்ஸைக் காணவில்லை. நான் விட்ட கரும்புகைக்குள் எங்கேயோ ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்த வீடியோவில் அதே ஆள், பம்ப்பை முறுக்கியவர்கள் புகையின் சூட்டை அளக்கிற மீட்டர் ஒன்றைக் கட்டாயம் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போ ஒரு நாள் உருகிப்போகும் என்றார். இதை முதல் வீடியோவிலேயே சொல்லியிருக்கலாம். நான் அன்றைக்கே மீட்டருக்கு ஆர்டர் போட்டேன்.

பார்சலைப் பிரித்துப் பார்த்த மனைவி, "வண்டிக்குத் தர்மாமீட்டரா? எந்த எடத்துல வெப்பாங்க?" என்று கேட்டாள்.

"புகை வர்ற வழியில."

"அப்படின்னா கொழந்தைங்களுக்கு வெக்கிற எடம்தான்" என்றாள்.

கள்ளக்குறிச்சியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எதற்கும் தெரியாது என்று சொல்லாத மனிதர். பெட்டிக்குள் இருந்த விளக்கத் தாள் முழுக்கச் சீன எழுத்து. அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதான் சார் போட்டுகிறான்" என்று மடித்து, ஆடிக்கொண்டிருந்த ஸ்டூலின் காலுக்குக் கொடுத்தார்.

புகை வெளியே வரும் கனத்த இரும்புக் குழாயில் ஓட்டை போட்டு, பேனா மாதிரி இருக்கும் கம்பியை உள்ளே செருக வேண்டும். "இரும்புத் தூள் உள்ள போனா டர்போ காலி. அதனால இன்ஜின் ஓடிக்கினே இருக்கணும். தூளை அதுவே வெளிய துப்பிடும்" என்றார் மெக்கானிக். நான் ஸ்டார்ட் பண்ணினேன். அவர் குனிந்து டிரில் பிடித்தார். ஓட்டை விழுந்த நொடியில் இன்ஜின் அவர் சொன்னபடியே துப்பியது. நிமிர்ந்தபோது கண்ணும் பல்லும் தவிர மற்றதெல்லாம் கரி. "பாத்தீங்களா சார், கரெக்டா வேல செய்யுது" என்றார்.

அடுத்தது ஒயர். சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று. "சிவப்புதான் பிளஸ். இது எல்லாருக்கும் தெரியும்" என்று சொல்லி மாட்டினார். ஆனால் ஒயர் என் பக்கம் வரை எட்டவில்லை. ஒட்டுப் போட்டால் அளவு தப்பாகும் என்று வீடியோவில் கேட்டிருந்ததால், மீட்டரை இடது பக்கம், என் மனைவி உட்காரும் இடத்துக்கு நேராகப் பொருத்தினோம். நான் ஓட்டுவது, அவள் நம்பர் படிப்பது என்று ஏற்பாடு.

இன்ஜினை ஓடவிட்டதும் மைனஸ் எண்பது என்று காட்டியது. நான் மெக்கானிக்கைப் பார்த்தேன். அவர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "லிமிட்டுக்கு இன்னும் எவ்ளோ பாக்கி இருக்குதுன்னு காட்டுது சார். மைனஸ் ஜாஸ்தியா ஆவ ஆவ நீங்க சேஃப்" என்றார்.

இவ்வளவு நல்ல விளக்கத்தை நான் எந்த வீடியோவிலும் கேட்டதில்லை. நம்பிவிட்டேன்.

மறுநாள் கச்சிராயபாளையத்தில் வழக்கம்போல வாத்தியார் ஏறிக்கொண்டார். மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். ஏறும்போது ஒரு வணக்கம், இறங்கும்போது ஒரு நன்றி, நடுவில் பின் சீட்டில் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் வருவார்.

"மைனஸ் எரநூத்தி அம்பது" என்று மனைவி படித்தாள். அணை தாண்டியது. "மைனஸ் நானூறு." நான் மிதித்தேன். "மைனஸ் ஐநூத்தி அம்பது." மிதிக்க மிதிக்க ஆபத்து குறைந்துகொண்டே போகிற வண்டி உலகத்திலேயே என்னிடம்தான் இருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மினி பஸ்ஸை முந்தினேன். பின் சீட்டில் வாத்தியார் இரண்டு தரம் தொண்டையைக் கனைத்தார். புகைதான் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்தேன்.

"மைனஸ் அறநூத்தி எம்பது" என்றாள் மனைவி. பிறகு, "இன்னாங்க, ஏதோ கருகுற வாசன வருது."

"அவ்ளோ மைனஸ்ல எதும்மா கருகும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? ஓரங்கட்டுங்க மொதல்ல."

ஓரங்கட்டி பானட்டைத் திறந்தேன். புகைக் குழாய் அந்தப் பகல் வெளிச்சத்திலும் மங்கலான சிவப்பில் கனன்றுகொண்டிருந்தது, அடுப்பில் மறந்துவிட்ட தோசைக் கரண்டி மாதிரி. மூன்று பேரும் வரிசையாக நின்று பார்த்தோம்.

"மைனஸ்ல இரும்பு செவக்குமாங்க?" என்று மனைவி ரொம்பப் பொறுமையாகக் கேட்டாள். ஆஸ்பத்திரியில் மாத்திரை போடாமலே போட்டேன் என்று சொல்கிறவர்களிடம் பேசும் குரல் அது.

அப்போதுதான் வாத்தியார் வாயைத் திறந்தார். "மைனஸ் எரநூத்தி எழுவத்தி மூணுக்குக் கீழ இந்த அண்டத்துல எதுவுமே போவாது சார். நாம அணைக்கட்டு தாண்டுனதுமே அதையும் தாண்டிட்டோம்."

"ஏன் சார் அப்பவே சொல்லல?"

"ஓசியில வந்துகினு, வண்டிய எப்படிங்க கொற சொல்றது?"

வாத்தியார் மீட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். இந்த வகை ஒயரில் மஞ்சள்தான் பிளஸ், சிவப்பு மைனஸ், தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள், அதனால் சூடு ஏற ஏற நம்பர் கீழே இறங்குகிறது என்றார். மனைவி கைப்பையிலிருந்து கட்டுப் பிரிக்கும் கத்தரியை எடுத்துக் கொடுத்தாள். அதன் முனையால் திருகைக் கழற்றி அவரே ஒயரை மாற்றி மாட்டினார். இன்ஜின் ஆறும் வரை காத்திருந்தோம். கீழேயிருந்து மினி பஸ் வந்தது. அன்றைக்கு யாரும் கையாட்டவில்லை. புகையில் கறுத்த முகங்களோடு எல்லாரும் எங்களையே பார்த்துக்கொண்டு போனார்கள்.

டீசல் பம்ப் திருகை அன்று மத்தியானமே ஒன்றரைச் சுற்றும் திருப்பி வைத்துவிட்டேன். மெக்கானிக்கிடம் போய் விஷயத்தைச் சொன்னதும், "நான் சொன்னது சீன மாடலுக்கு சார்" என்றார். இதுவும் சீன மாடல்தானே என்று கேட்டேன். "இது வேற சீனா" என்றார்.

வாத்தியார்தான் அன்றிலிருந்து ஆள் மாறிப்போனார். பின் சீட்டில் உட்கார்ந்தால் மீட்டர் தெரியவில்லை என்று மனைவியிடம் கேட்டு முன் சீட்டுக்கு வந்தார். போன வாரம், ஒன்பதாம் வகுப்புக்கு வெப்பம் பற்றிப் பாடம், வண்டியைக் கொஞ்சம் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவர முடியுமா என்றார். கொண்டுபோனேன். பிள்ளைகளை வண்டியைச் சுற்றி நிறுத்திவிட்டு, "சார், மிதிங்க" என்றார். மிதித்தேன். "விடுங்க" என்றார். விட்டேன். பிள்ளைகள் நோட்டில் நம்பர் எழுதினார்கள். இப்படியே முக்கால் மணி நேரம். கடைசியில் பின்னால் நின்றிருந்த ஒரு பெண் முன்னால் வந்து, "சார், இந்த வண்டி எங்கியும் போவாதா?" என்று கேட்டாள்.