நீலத் தார்ப்பாயும் சந்தன நிறச் சேலையும்

1. ஆல்பம் திரும்பி வந்தது

பாளையங்கோட்டையில் ஒரு கலர் லேபில் இருபத்தாறு வருஷமாகக் கலர் கரெக்‌ஷன் பார்க்கிறேன். கல்யாணப் படங்களில் வெளிச்சத்தைச் சரிசெய்வது, முகத்தைத் தெளிவாக்குவது, வேண்டாததை எடுப்பது, டெஸ்ட் பிரிண்ட் போட்டுப் பார்ப்பது, இவ்வளவுதான் வேலை. என் கண்ணை நம்பித்தான் அந்த மிஷினே ஓடுகிறது என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்த நினைப்பு இறங்கியது.

சீவலப்பேரி பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு பெண், ஆல்பத்தைக் கட்டைப்பையில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். பெயர் ஜாஸ்மின். கல்யாணமாகி இரண்டு மாதம். எனக்கு அவள் முகம் நல்ல பழக்கம், ஒன்றரை நாள் அதைப் பெரிதாக்கி வைத்து வேலை பார்த்தவள் நான். அவளுக்குத்தான் என்னைத் தெரியாது.

"இதுக்குக் கலர் பாத்தது யாருக்கா?" என்று கேட்டாள்.

"நான்தான். என்னம்மா குறை?"

முதல் பக்கத்தைத் திறந்தாள். சர்ச் வாசலில் அவளும் மாப்பிள்ளையும் நிற்கிற பெரிய படம். "இந்தச் சேல என்ன கலருன்னு சொல்லுங்க."

"சந்தனக் கலர்."

அவள் கண் கலங்கிவிட்டது. "நீங்க ஒரு ஆளுதான்க்கா தயங்காம அப்படிச் சொல்லியிருக்கீங்க."

2. அவள் சொன்னது

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு பெண் வீட்டார் எடுப்பார்கள். பெண்ணுக்குக் கல்யாணச் சேலை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பார்கள். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் பெண் சர்ச்சுக்குள் போக வேண்டும். ஜாஸ்மினுக்கு அதை எடுத்தது அவள் கணவனின் அக்கா கிரேஸ். பாளையங்கோட்டையில் டீச்சர். நான்கு கடை ஏறி இறங்கிச் சந்தன நிறப் பட்டு எடுத்திருக்கிறார்.

ஆல்பம் வந்ததும் முதல் பக்கத்தைப் பார்த்த கிரேஸ் டீச்சர், "இது நாங்க எடுத்துக் குடுத்த சேல இல்ல. இது வெள்ளைல்லா" என்றாராம். மாமியாரும் வெள்ளை என்றார். மாமனார் சந்தனம் என்றவர், வீட்டம்மா ஒரு பார்வை பார்த்ததும் சரியாகத் தெரியவில்லை என்று பின்வாங்கிவிட்டார்.

"சேலதான் வீட்ல இருக்குமே, எடுத்துக் காட்ட வேண்டியதுதானே?" என்றேன்.

"காட்டினேன்க்கா. 'சேல பத்திரமாத்தான் இருக்கு, கட்டுனாத்தானே கசங்கும்'னு சொல்லுதாவ."

"ஜரிகைக் கரை ஒண்ணா இருக்குமே?"

"அதே கரையில வெள்ளையும் அந்தக் கடையில இருந்துச்சாம், மைனியே பாத்தாவளாம். எங்க அம்மா அதை எடுத்துக் குடுத்து என்னைக் கட்டச் சொன்னதா நினைக்காவ. 'அன்னைக்கு சர்ச்சுக்குள்ள நேர்லயே பாத்தீங்களே'ன்னு கேட்டு, அங்க எடுத்த படத்தையும் காட்டினா, 'அங்கன மஞ்ச லைட்டு, எல்லாமே சந்தனமாத்தான் தெரியும்'னுட்டாவ."

மைனி என்று அவள் சொன்னது கிரேஸ் டீச்சரை. அதற்கப்புறம் நடந்ததைத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் சாப்பாட்டுக்குக் கூடுகிறார்கள். அதற்குள் மைனியிடம் மன்னிப்புக் கேட்டுவிடு, சண்டை முடியட்டும் என்று அவள் கணவனே சொல்லிவிட்டான்.

"செய்யாத தப்புக்கு ஒருவாட்டி மன்னிப்புக் கேட்டா, பிறகு ஆயுசுக்கும் நான் அந்த வீட்ல பொய் சொன்னவதானேக்கா?"



3. அட்டையில் ஓட்டை

லேப் முதலாளி அண்ணாச்சியைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "வெள்ளதான், இதுல என்ன சந்தேகம்?" என்றார்.

"சந்தனம் அண்ணாச்சி."

"ஏம்மா, கம்ப்யூட்டரப் பாத்துப் பாத்துக் கண்ணு போயிட்டா? பைய ஒரு டாக்டரப் பாரு."

ரோஷம் வந்துவிட்டது. பழைய விசிட்டிங் கார்டு ஒன்றில் பஞ்சிங் மிஷினால் ஒரு ஓட்டை போட்டேன். தனி நிறத்தைப் பார்க்க எங்கள் தொழிலில் இது ஒரு வழி. கார்டைச் சேலைமேல் வைத்தால் ஓட்டை வழியாகத் துணி மட்டும் தெரியும், முகமோ சுவரோ பூவோ தெரியாது. அண்ணாச்சி பார்த்தார், "சாம்பல்" என்றார். ஜாஸ்மின் பார்த்தாள், "லேசா நீலம் கலந்த சாம்பல்" என்றாள். கடைசியாக நான் பார்த்தேன். நீலம் கலந்த சாம்பல்தான். அதில் சந்தனம் ஒரு பொட்டுக்கூட இல்லை.

கார்டை எடுத்தேன். எனக்கு மறுபடி சந்தனம் தெரிந்தது. அண்ணாச்சிக்கு மறுபடி வெள்ளை. இருபத்தாறு வருஷ சர்வீஸில் அன்றைக்குத்தான் எனக்கு என் கண்மேல் பயம் வந்தது.

ஒரிஜினல் ஃபைலைத் திறந்ததும் விஷயம் புரிந்துபோயிற்று. சர்ச் வாசலில் வெயிலுக்கு நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். மத்தியான வெயில் அதில் இறங்கி, கீழே நின்ற எல்லோரையும் நீலமாக்கியிருந்தது. போட்டோகிராபர், "அக்கா, அந்தத் தார்ப்பாய் அசிங்கமா இருக்கு, எடுத்துட்டுப் பூ அலங்காரம் வச்சிருங்க" என்று எழுதி அனுப்பியிருந்தார். நான் முதலில் முகங்களை மட்டும் தனியாகப் பிரித்து நீலத்தைக் குறைத்தேன். முகம் கறுத்தால் ஆல்பம் திரும்பி வரும், சேலைக்காக எந்த ஆல்பமும் அதுவரை திரும்பி வந்ததில்லை. அதனால் சேலையைத் தொடவில்லை. தலைக்குமேல் தார்ப்பாய் தெரிந்ததால் எனக்கு அது சந்தனமாகத்தான் பட்டது. கடைசியாகத் தார்ப்பாயை எடுத்தேன். படத்திலிருந்து அது போய்விட்டது, என் மண்டையிலிருந்து போகவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வெயிலில் காயும் வெள்ளை வேட்டியும் குண்டு பல்பின் கீழ் கிடக்கும் வெள்ளை வேட்டியும் கேமராவுக்கு வேறு வேறு நிறம். நமக்கு இரண்டும் வெள்ளை. கண் வெளிச்சத்தின் நிறத்தைக் கழித்துவிட்டுத் துணியின் நிறத்தைச் சொல்கிறது. கழிப்பதற்கு அது எந்த வெளிச்சம் என்று தெரிய வேண்டும். படத்தில் துப்பு இருந்தால் பெரும்பாலும் எல்லோரும் ஒரே மாதிரி கழிக்கிறோம். துப்பு இல்லாவிட்டால் ஆளுக்கொரு ஊகம். நிழலில் நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொண்ட மாமனாருக்குச் சந்தனம். நான் வெளுத்து வைத்த முகத்தை நம்பிய டீச்சருக்கு, நீலம் போட்டுத் துவைத்த வேட்டி மாதிரி வெள்ளை. யாரும் பொய் சொல்லவில்லை. துப்பை அழித்தது நான்.

4. சனிக்கிழமை

டீச்சரை எப்படியாவது லேபுக்குக் கூட்டி வரச் சொன்னேன். "லேப் தப்புன்னு நம்மளா ஒத்துக்காத, பேரு கெட்டுரும்" என்று அண்ணாச்சி தடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் தலைகுனிந்து நிற்பதை நினைத்து, அவர் பேச்சைக் காதில் வாங்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் இருவரும் வந்தார்கள். டீச்சர் உட்காரக்கூட இல்லை. "என்னமோ காட்டணும்னியாமே, சீக்கிரம் காட்டு" என்றார்.

மேஜையில் இரண்டு பிரிண்ட் வைத்தேன். ஒன்று ஆல்பத்தில் இருந்த படம். மற்றது அதே படம், எடுத்த தார்ப்பாயைத் திரும்ப வைத்து, முகங்களைப் பழையபடி நீல நிழலில் விட்டது. சேலையை இரண்டிலும் தொடவில்லை.

"இது வெள்ள" என்று முதல் படத்தைத் தொட்டார். இரண்டாவது படத்தைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். "இது நான் எடுத்த சேல."

கார்டைக் கையில் கொடுத்தேன். இரண்டு படத்திலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். ஓட்டைக்குள் இரண்டும் ஒரே சாம்பல். ஏழெட்டுத் தடவை பார்த்திருப்பார்.

"தார்ப்பாய எடுத்தது நான்தான் டீச்சர். உங்க தம்பி பொண்டாட்டி மேல ஒரு தப்பும் இல்ல."

டீச்சர் கார்டைக் கீழே வைத்தார். ஜாஸ்மினைப் பார்க்காமல், "சரி, நாளைக்குச் சாப்பாட்டுக்கு அந்தச் சேலையவே கட்டு. எல்லாரும் பாக்கட்டும்" என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. நான் பிளாஸ்கில் வாங்கி வைத்திருந்த காபியை முதலில் அவளுக்கு ஊற்றிக் கொடுத்தார்.

அதற்கப்புறம் தார்ப்பாய், பந்தல் துணி, ட்யூப்லைட் எதை எடுக்கச் சொன்னாலும் முதலில் டெஸ்ட் பிரிண்ட் போட்டு, படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத மூன்று பேரிடம் கார்டு இல்லாமல் நிறம் கேட்கிறேன். என் கண்ணை நான்காவதாகத்தான் வைத்துக்கொள்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை கிளம்பும்போது, வீட்டு முன்னறையில் மாட்டப் பெரிதாக ஒரு படம் வேண்டும் என்று இருவரும் கேட்டார்கள். லேப் தப்பு என்பதால் நானே சொன்னேன்: "தார்ப்பாய எடுத்துட்டு, சேலைக்கும் சரியாச் சந்தனம் வச்சு, அழகாப் போட்டுத் தாரேன்."

ஜாஸ்மின் சட்டென்று மறுப்பாகத் தலையாட்டினாள்.

"வேண்டாம்க்கா, தார்ப்பாய் இருக்கட்டும். நான் பத்து நாளாத் தொண்ட வறளச் சொன்னேன், ஒருத்தரும் நம்பல. அது சொன்னதும் நம்பிட்டாவ."