சாவே இல்லாத ஊரின் கணக்கர்

ஒரகடம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் வேலங்காட்டூரில் மனிதர்கள் பிறப்பார்கள், இறக்க மாட்டார்கள். இந்த அதிசயம் முனிவர் வரத்தாலோ மூலிகையாலோ நடந்ததன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புள்ளிவிவரம் பார்க்கும் திருநாவுக்கரசு என்ற ஒற்றை ஆளின் உழைப்பால் நடந்தது.

உயிர் எந்த ஊரில் போகிறதோ அந்த ஊர்க் கணக்கு என்பது அவர் கற்ற வேதம். ஷிப்டு முடிந்து வரும் பையனைக் கன்டெய்னர் லாரி அடித்துப் போட்டால், டாக்டருக்கு முன்னால் இவர்தான் வாசலில் நிற்பார். "மூச்சு கீதா? அப்ப இன்னாத்துக்கு நிக்கிற, கெளப்புப்பா!" என்று 108 வண்டியின் முதுகில் தட்டுவார். மூச்சுத் திணறும் பச்சைக் குழந்தைகளும் அப்படியே பக்கத்துக் கூழமங்கலம் மருத்துவமனைக்குப் பயணப்படும். பிறப்பு என்றால் மட்டும் ஆளே வேறு. வாடகை அறைகளில் தங்கியிருக்கும் வடநாட்டுப் பெண்கள் யாருக்காவது வயிறு தெரிந்தால் போதும், சொந்த ஊருக்கு ரயிலேற விடாமல், தெரிந்த நாலு இந்தி வார்த்தையால் மடக்கிவிடுவார்.

சிசு மரணமே இல்லாத நிலையம் என்று கேடயம் வந்தது. அதைக் கையில் கொடுத்த அதிகாரிக்கே அந்த யோசனையும் வந்தது: குழந்தையே சாகாத ஊரில், குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் வார்மர் எதற்கு? சாவு குவிகிற கூழமங்கலத்துக்கு அனுப்பிவிடலாமே!

நர்ஸ் காந்திமதி தலையில் அடித்துக்கொண்டார். "வாயத் தொறந்து சொல்லுங்க சார். அது போச்சின்னா நாம இன்னா பண்றது?"

"நமக்கு எதுக்கும்மா? அவங்கதான் பாவம், வெச்சிக்கட்டும்."

மினி லாரியின் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி வழியனுப்பியவரும் அவரே.

அந்த ஆண்டே அவர் மகள் மதிவதனி, வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்காக இருங்காட்டுக்கோட்டையிலிருந்து பிறந்த வீட்டுக்கு வந்தாள். எட்டாம் மாதமே வலி கண்டுவிட்டது. அப்பாவின் நிலையத்திலேயே, பூனைக்குட்டி அளவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது.

"கொழந்த சில்லுனு கீது சார்," என்றார் காந்திமதி. "வார்மர் வேணும். மூச்சு கீது, இப்பவே கெளப்பிடலாம்."

இந்த முறை வண்டியின் முதுகில் யாரும் தட்டவில்லை. அவர் மனைவி ஜெயம் பேத்தியைப் புடவைக்குள் நெஞ்சோடு அணைத்தபடி ஏறிக்கொண்டாள். அவர் முன் இருக்கையில் உட்கார்ந்து, குறுக்கே வந்த கம்பெனி பஸ்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினார்.

கூழமங்கலத்தில் அவரைப் போலவே கணக்குப் பார்க்கும் நிலவன் எதிரே வந்தான். "வா சார். எப்பவும் கேஸ மட்டும்தான் அனுப்புவ. இன்னைக்கு நீயே வந்துட்ட!"

வார்மரின் பக்கவாட்டில் பெயின்டில் எழுதிய 'வேலங்காட்டூர்' இன்னும் அழியவில்லை. அதில்தான் குழந்தையைக் கிடத்தினார்கள். விடிய விடிய திருநாவுக்கரசு கண்ணாடிக்கு வெளியே நின்றார்.

காலையில் டாக்டர், "பொழைச்சிக்கும். ஆனா இன்னும் கொஞ்ச நாள் இதுலயே இருக்கணும்," என்றார். அப்போதுதான் அவருக்குக் கால் வலிப்பது தெரிந்தது. நிலவனைத் தனியே அழைத்துப் போனார்.

"நெலவா, எங்க ஊரு சாவெல்லாம் எங்களுக்கே திருப்பிக் குட்துடுப்பா. மேல எழுதிப் போட்டு மெஷினக் கேக்கப் போறேன்."

நிலவன் டீயை உறிஞ்சினான். "தாராளமா எட்துக்கினு போ சார். அப்பால எங்க ஊர்ல சாவு கொறஞ்சிடும், மெஷினு உங்களுக்கு வந்துடும். எப்ப கழட்டச் சொல்லட்டும்? இன்னைக்கேவா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேத்தி ஒரு காலை மட்டும் உதைத்தாள். உண்மைக் கணக்கு என்பது அவசரப்பட்டு எழுதுகிற சமாச்சாரம் அன்று என்பது திருநாவுக்கரசுக்குச் சட்டென விளங்கிற்று.

"பாப்பா வெளிய வரட்டும் நெலவா," என்றார். "அதுவரிக்கும் எல்லாம் உங்கிட்டயே இருக்கட்டும்."