பெண் பார்க்கப் போன பிணம்

டிவி சீரியலில் பிணமாகப் படுக்க நடிப்பு தெரிய வேண்டாம், மானம் இல்லாமல் இருந்தால் போதும். ரிட்டயர் ஆனபின் எதையாவது சாதித்தே தீருவது என்று கிளம்பிய சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும். வீட்டுக்கு வீடு கேபிள் வந்த புதுசு. ஆபீஸ் ஆண்டு விழா நாடகங்களில் கைதட்டு வாங்கிய தெம்பில், பெங்களூரில் எடுக்கும் கன்னட சீரியல்களில் நுழைந்தேன். டிவியில் ஒரு வரியாவது பேச வேண்டும், அதை என் மனைவி கேட்க வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

முதல் வாய்ப்பு

இஸ்திரி போட்ட சட்டையோடு எங்கள் பேட்டையான ஆடுகோடியில் பஸ் ஏறி ஷூட்டிங்குக்குப் போனேன். என் வசனம் என்ன என்று புரொடக்‌ஷன் மேனேஜரிடம் கேட்டேன். ஓசூர்க்காரர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு பாயைக் காட்டினார். நான் கதாநாயகியின் செத்துப்போன மாமனாராம். ஆபீஸில் ஒரு பிரிவையே அதட்டி வேலை வாங்கியவன், மூக்கில் பஞ்சோடு படுத்தேன். மேனேஜர் தைரியம் சொன்னார்.

"மூச்சு மட்டும் விடாதீங்க சார், மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

தும்மல்

தலைமாட்டில் ஊதுவத்தி. கதாநாயகி என் மார்பில் விழுந்து அழும்போதெல்லாம் எனக்குத் தும்மல் வந்தது. ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் முகம் கழுவி, கிளிசரின் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து அழுதாள். கடைசியில் என் காதோரம் குனிந்து தமிழிலேயே சொன்னாள்.

"தாத்தா, நீங்க சாகறதுக்குள்ள நான் செத்துடுவேன்."

விமர்சனம்

அது ஒளிபரப்பானபோது மனைவி டிவியை அணைத்துவிட்டுப் போய் சாமி விளக்கை ஏற்றினாள். மறுநாள் மளிகைக் கடைக்காரர் மட்டும் மனசாரப் பாராட்டினார்.

"நேத்து உங்க சாவு நல்லா இருந்துச்சு சார், ஜனம் நெறைய வந்திருந்தாங்க."

ஒரே ஒரு வரி

அதற்குப் பிறகும் பல சீரியல்களில் செத்தேன். ஒருவழியாக உயிருள்ள வேஷம் வந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா. பெண் பார்க்கும் காட்சியில் நாற்காலியில் உட்கார்ந்து, காப்பி குடித்துவிட்டு, "ஹெண்ணு எல்லி?" என்று கேட்க வேண்டும். பெண் எங்கே என்று அர்த்தம். தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

செட்டில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பாயில் படுக்க நேரமானால் "ஹெண எல்லி?" என்று கத்துவார்கள். ஹெண என்றால் பிணம். நானும் டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடுவேன். கேட்டுக் கேட்டு அது நாக்கில் உட்கார்ந்துவிட்டது போலிருக்கிறது. கேமரா ஓடியது. காப்பியைக் குடித்தேன். கம்பீரமாக, "ஹெண எல்லி?" என்றேன்.

உள்ளே வரக் காத்திருந்த கல்யாணப் பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். லைட்காரர்களும் சிரித்தார்கள். மறுபடி எடுத்தார்கள், பதற்றத்தில் மறுபடியும் அதையே சொன்னேன். சின்ன வயதிலிருந்து கன்னடம் பேசுகிறவன் நான். எங்காவது ஓடிப்போய்விடலாம் போலிருந்தது. டைரக்டர் என் வசனத்தைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொடுத்துவிட்டு, மரியாதையாகத்தான் சொன்னார்.

"சார், நீவு சும்னே காப்பி குடீரி." நான் சும்மா காப்பி குடித்தால் போதுமாம்.

ஒளிபரப்பு

நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் எங்கள் ஹாலில் கூடிவிட்டார்கள். திரையில் நான் காப்பி குடித்தேன். பெண் எங்கே என்று வேறொருவர் கேட்டார். ஹாலில் ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். மனைவி இந்த முறை டிவியை அணைக்கவில்லை.

"உசுரோட இருக்கீங்களே, அது போதும்."

ஆக, ரிட்டயர் ஆனபின் நான் கண்ட முன்னேற்றம், பாயிலிருந்து நாற்காலிக்கு வந்ததுதான்.