மெழுகு வைத்து அடக்கிய குழல்

கடைச் சிப்பந்தி ஒருவன் தன் கதையை எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பள்ளிப் படிப்போடு நின்றவன் நான். நாலு பேர் கூடினால் கதவோரம் நிற்பவன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாற்பது வயதுக்கு மேல் எனக்குத் தகரக் குழல் ஊதும் ஆசை வந்தது. எங்கள் மாதா கோவில் பாண்டு செட்டில் குழல் ஊதியவர் சைகோனுக்குக் கப்பலேறிவிட்டார். மே மாதக் கடைசியில் மாதா சுற்றுப்பிரகாரம்; தெருத் தெருவாகப் பாண்டு முன்னே போக வேண்டும். அந்த இடத்தில் நான் நின்றால் என்ன என்று தோன்றியது. பழைய சாமான் விற்பவரிடம் ஒரு குழல் வாங்கி வந்து மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய தைரியம்.

தொல்லை நேரத்தில்தான் இருந்தது. நான் வேலை பார்த்த சீமைச் சாமான் கடை, ஊரிலுள்ள மற்றக் கடைகளைப் போலவே, நண்பகலில் மூடி மூன்று மணிக்குத்தான் திறக்கும். பழக எனக்கு அந்த நேரம்தான் உண்டு. அந்த நேரத்தில் எங்கள் உப்பளம் பேட்டையே தூங்கும். ஒரே சுவருக்கு அப்பால் தூங்கியவரோ பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனில் வந்தவர். பாண்டு செட்டின் தலைவர்; எல்லோரும் மரியாதையாக 'முசே' என்றுதான் கூப்பிடுவார்கள். என் அபசுரங்களை அவர் கேட்டுவிட்டால் அந்த இடத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

ஆகவே வீட்டுக் குப்பையைக் கிளறினேன். கிழிந்த காலுறையைக் குழலின் அடியில் திணித்தேன், சத்தமே வரவில்லை. புட்டிகள் சுற்றி வரும் வைக்கோல் உறையை மாட்டினேன், தும்மல்தான் வந்தது. அரிசிப் பானைக்குள் தலையை விட்டு ஊதியபோது பானை என்னைவிட நன்றாகப் பாடியது. கடைசியில் குழலின் வாய்க்குக் கீழே உள்ள சின்ன வெட்டில்தான் சத்தம் பிறக்கிறது என்று கண்டுகொண்டேன். ஒயின் புட்டிக் கழுத்து ஈயத்தாளில் ஒரு துண்டு நறுக்கி, வெட்டைப் பாதி மூடி, கோவில் மெழுகுவர்த்தித் துண்டை உருக்கி ஒட்டினேன். குழல் கொசுவைப் போல் முனகியது. பாட்டு இருந்தது, பக்கத்தில் புஸ் புஸ்ஸென்று காற்றும் இருந்தது.

சில நாளில் அடுத்த வீட்டு அம்மாள், தலைவரின் மனைவி, ஆடாதோடைக் கஷாயத்தோடு வந்து நின்றார். என் மனைவியிடம், "மத்தியானத்துல ரொம்ப இரைக்குது போல. சுவத்துக்கு அந்தாண்ட கேக்குது. பாவம், குடிக்கச் சொல்லு" என்றார். மறுக்கக் கூச்சப்பட்டுக் குடித்தேன். அதன்பின் கஷாயம் தினமும் வந்தது. குழலைவிட அதை விழுங்குவதுதான் கடினம்.

ஒரு சனிக்கிழமை காலை கிணற்றடியில் தலைவர் என்னைப் பார்த்து, நாளைக்குள் குழலுக்கு ஆள் எடுக்க வேண்டும் என்றார். ஆளே கிடைக்கவில்லையாம்.

"உனக்கு மூச்சு மட்டும் நல்லா இருந்தா உன்னையே கூப்ட்டிருப்பேன், தம்பி."

வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. அவர் அதையும் இரைப்பு என்று எண்ணி என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அன்று மத்தியானம் கோபத்தில் ஊதினேன். கத்திரி வெயில், ஓடு கொதித்தது. மாதா பாட்டின் நடுவில் மெழுகு இளகி ஈயத்தாள் வழுக்கி விழுந்தது. குழல் தெருவுக்கே கேட்கும்படி வீறிட்டது.

ஏதோ ஆகிவிட்டதென்று தலைவர் பனியனோடு ஓடி வந்தார்; பின்னால் சொம்போடு அவர் மனைவி. குழலை மறைக்க இடமில்லை. என் மனைவி நேராகச் சொன்னாள்: "இரைப்பு இல்லீங்க முசே. இவரு பழகுறாரு."

தலைவர் கீழே கிடந்த ஈயத்தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னை ஊதச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு பாட்டு முழுவதையும் ஊதினேன். திறந்தபோது ஜன்னலில் தூக்கம் கலைந்த முகங்கள்.

"மூச்சு பட்டாளத்து மூச்சு" என்றார் அவர்.

"என் கஷாயம்" என்றார் அவர் மனைவி.

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் வா. அந்த மெழுக வூட்லயே வச்சுட்டு வா."

மறுநாள் போனேன். பெரிய மேளத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்; அது முழங்கினால் என் குழல் எனக்கே கேட்காது. அன்று முதல் கஷாயம் வரவில்லை.