பௌர்ணமியன்று கிளம்பாத ஜீப்

வாரத்தில் இருமுறை என் மனைவிக்கு டயாலிசிஸ் செய்தாக வேண்டும். ஒருமுறை தவறினாலும் நீர் நுரையீரலில் ஏறிவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அந்த வாரம் அவளுடைய முறை பௌர்ணமியில் வந்து விழுந்தது. நண்பகலுக்குப் பிறகு கிரிவலப் பாதையில் வண்டிகளை அனுமதிக்க மாட்டார்கள். எங்கள் வீடோ அந்தப் பாதையிலிருந்து பிரியும் மண் சாலையின் முடிவில் இருக்கிறது. மழை பெய்தால் ஆட்டோக்காரர்கள் அந்தச் சேற்றுக்குள் வருவதில்லை; அந்த வாரம் முழுக்க மழை. ஆம்புலன்ஸை அழைத்தாலும் அத்தனை கூட்டத்தைக் கடந்து எப்போது வந்து சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் என் பழைய டீசல் ஜீப் ஒன்றே வழி.

முந்தைய மாலை சாவியைத் திருகியபோது 'டக்' என்ற ஓசை மட்டும் வந்தது. கீழ்பென்னாத்தூர் சாலையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கை அழைத்தேன். என் வயதை ஒட்டியவர், வாய் ஓயாதவர்.

"இன்னா ஐயா, உங்களுக்கும் இதுக்கும் சேந்தே மூட்டுவலி வந்துடுச்சா?" என்று சிரித்தபடி இறங்கினார்.

பேட்டரி முனைகளில் பூத்திருந்த உப்பை வெந்நீர் ஊற்றிக் கழுவினோம். எர்த் வயரைச் சுரண்டி இறுக்கினோம். அவருடைய டிராக்டரின் பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்ததும் இன்ஜின் எழுந்தது. சிறிது நேரம் ஓடவிட்டு அணைத்தோம்; மறுபடி திருகியபோதும் எடுத்தது. இருவரும் நிம்மதியாகப் பிரிந்தோம்.

பௌர்ணமிக் காலையில் 'டக்' கூட வரவில்லை.

மனைவி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகம் வீங்கியிருந்தது. பேசும்போது வாக்கியத்தின் நடுவே மூச்சுக்காக நின்றாள். பாதைப் பக்கமிருந்து 'அரோகரா' முழக்கம் கேட்டது. ஒவ்வொரு முறையும் முன்னைவிட அடர்த்தியாக. வேறு எந்த நாளிலும் என் உள்ளத்தைக் குளிர்விக்கும் அந்த ஒலி, அன்று வெள்ளம் ஏறுவதைப் போலிருந்தது.

மெக்கானிக் வந்து சேர்வதற்குள் ஒரு சோதனை செய்தேன். பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றி, அதற்கும் முனைக்கும் இடையில் ஒரு சிறு பல்பைப் பிடித்தேன். சாவி என் சட்டைப் பையில். விளக்குகள் எல்லாம் அணைந்திருந்தன. ஆயினும் பல்பு மங்கலாக ஒளிர்ந்தது. நிற்கின்ற வண்டியிலிருந்து ஏதோ ஒன்று மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஒளி குறையவில்லை.

மெக்கானிக் வந்து குனிந்தார். "ஃப்யூஸுக்கு வராம பேட்டரியிலேருந்து நேரா போவுது. இதோ பாருங்க, சிவப்பு ஒயரு. இத நான் போடல."

பேட்டரியைத் திரும்ப இணைத்துவிட்டு, அந்த வயரைத் தொட்டுத் தொட்டுத் தேடிச் சென்றோம். அது டேஷ்போர்டின் அடியில் நுழைந்து, அண்ணாமலையார் படத்தின் பின்னால் முடிந்தது. படத்தின் காலடியில், மாலை மறைத்த இடத்தில், ஒரு செந்நிறப் பல்பு எரிந்துகொண்டிருந்தது. சாவியைத் திருகினால்தான் அது எரியும் என்று நான் நம்பியிருந்தேன்.

"நான்தாங்க போடச் சொன்னேன்," என்றாள் மனைவி படியிலிருந்து. "ஆஸ்பத்திரிக்குப் போவ ஆரம்பிச்சப்போ வேண்டிக்கிட்டேன். வீட்டு விளக்கை நான் பாத்துக்கறேன், போற வழிக்கு ஒரு விளக்கு அணையாம எரியணும்னு. அதான் தெருமுனை எலக்ட்ரீஷியன் பையன்கிட்ட நேரா குடுக்கச் சொன்னேன்."

இறைவனைச் சோதியாகவே பாடிய பாடல்களை ஓதி ஓதி முதிர்ந்தவன் நான். என் நாவில் அப்போது ஓரடியும் வரவில்லை.

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். "அம்மா, சாமியக் கொற சொல்லல. இது ராப்பகலா எரிஞ்சி, பேட்டரியக் காலி பண்ணிடுது. வயசான பேட்டரி, தாங்காது. சாவிக்கு அப்புறமா கனெக்‌ஷன் குடுத்துடறேன். வண்டி ஓடறப்போ மட்டும் எரியும்."

"நிறுத்துனா?"

"அணைஞ்சிடும்."

அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். நான் கை நீட்டியபோது விலக்கினாள். "நீங்க எடுக்காதீங்க. நான் வெச்சது. நானே எடுக்கறேன்."

மாலையை ஒதுக்கி, இரண்டு விரலால் பல்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அதைத் திருகிக் கழற்றினாள். சூடாக இருந்திருக்க வேண்டும், முகம் சுளிக்கவில்லை.

மெக்கானிக்கின் கேபிளில் ஜீப் உறுமி எழுந்தது. "எங்கயும் அணைச்சிடாதீங்க ஐயா. இன்னிக்கு இது தன்னால எடுக்காது," என்று சன்னல் வழியே சொன்னார். இம்முறை அவர் சிரிக்கவில்லை.

முன்சக்கரங்களும் இழுக்கச் சேற்றைக் கடந்தோம். பாதையின் முனையில் தடுப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வண்டி போவாதுங்க. ஓரங்கட்டி ஆஃப் பண்ணுங்க," என்றார் காவலர்.

"அணைக்க முடியாது, தம்பி."

அவர் எரிச்சலுடன் உள்ளே குனிந்தார். என் மனைவியைப் பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் கேளாமல் தடுப்பைத் தள்ளிவிட்டார்.

மருத்துவமனையில் அவளைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி உள்ளே அழைத்துப் போனார்கள். ஜீப்பை அணைத்தால் அவளைத் திரும்பக் கூட்டிப்போக வழியில்லை; என்னால் உடன் செல்ல இயலவில்லை. மரத்தடியில், ஓடுகின்ற ஜீப்பில், சாவியின்மேல் கை வைத்தபடி அமர்ந்திருந்தேன். டீசல் முள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் சென்ற கதவு மூடியே இருந்தது.