மீன் பெட்டியில் செல்போன்கள்

எங்கள் வீட்டில் நல்ல செல்போன் ஒன்றுதான். அதற்கு மணி கிடையாது. என் வீட்டுக்காரர் லாஞ்சில் கடலுக்குப் போகிறவர். ஒருநாள் கரையில் சும்மா இருந்தபோது தன் குரலையே அதில் பதிந்து வைத்துவிட்டார். யாராவது கூப்பிட்டால் அது கத்தும்: "ஏய், போன எடுமே. எம்மா நேரமா கத்திக்கினு கீறேன், காதுல வுழல?" மீன் கடை இரைச்சலில் எனக்கு அந்தக் குரல் ஒன்றுதான் கேட்கும். அதனால் மாற்றவில்லை.

ராயபுரத்தில் தெருவோரம் மீன் விற்கிறேன். விடியற்காலை காசிமேட்டில் ஏலம் எடுத்து வந்து பலகை போட்டுவிடுவேன். அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் போனில் எழுதிக் கேட்பார்கள். தமிழைத்தான் எழுதுவார்கள், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில். நான் அஞ்சாவது வரைக்கும்தான். தமிழ் எழுத்து மெதுவாக ஓடும். இங்கிலீஷ் எழுத்து ஓடவே ஓடாது. என் மகள் பதினொன்றாவது படிக்கிறாள். அவள்தான் படித்துப் பதில் போடுவாள்.

அன்றைக்கு வஞ்சிரம் நிறைய விழுந்திருந்தது. போனை நான்தான் அவள் பையில் போட்டேன்.

"மா, ஸ்கூலுக்கு போன் எடுத்தாரக் கூடாது. மிஸ் பாத்தா பேஜாரு."

"சாப்பாட்டு பெல்லு அடிச்சதும் நாலு பேருக்கு பதில் போடு. யாரு பாக்கப் போறா."

அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஓடினாள். சத்தத்தை நிறுத்த மறந்துவிட்டாள்.

கணக்கு வகுப்பு. மிஸ் போர்டில் எழுதிக்கொண்டிருந்தார். பையில் இருந்து என் வீட்டுக்காரர் கத்தினார். போன எடுமே என்றார். காதுல வுழல என்றார். வகுப்பு சிரித்த சிரிப்பு பக்கத்து வகுப்பு வரைக்கும் போனதாம். மிஸ் சின்ன வயது, வேலைக்குப் புதுசு. தன்னைக் கிண்டல் செய்யத்தான் இப்படி வைத்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். மர ஸ்கேலை எடுத்து விரல் மேல் அடித்தார். ஸ்கேல் உடைந்தது. கையில் மிஞ்சிய பாதியாலும் அடித்தார்.

நடுவிரலில் எலும்பு லேசாகக் கீறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள்.

மறுநாள் காலை அவள் யூனிபார்ம் போடவில்லை. பழைய சுடிதாரோடு கடைக்கு வந்து நின்றாள்.

"இன்னா?" என்றேன்.

"நா இனிமே ஸ்கூலுக்குப் போவல. இங்கியே நிக்கறேன்."

"படிப்பு?"

"படிச்ச வரைக்கும் போதும்."

அவள் அழவில்லை. கூடையை இறக்கினோம்.

வியாபாரம் அவளுக்கு நன்றாக வந்தது. கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு இடது கையால் ஈ ஓட்டினாள். போகிற வருகிற பெண்களை நிறுத்தினாள்.

"அக்கா, இந்த சங்கராவ வந்து பாருங்க. கண்ண முழிச்சிக்கினு உங்களயே பாத்துக்கினு கீது. வுட்டுட்டுப் போனா பாவம்."

உச்சி வெயிலுக்கு முன்னால் பலகை காலி. என் பக்கத்துக் கடைக்கார அக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"உன் பொண்ணு வாயத் தொறந்தா மீனு போவுதுடி. நீ வாயத் தொறந்தா ஈ தான் பூரும்."

சிரித்தோம். மகள் சிரிக்கவில்லை. ஆனால் நாள் போகப் போகக் கடையில் அவள் இருப்பது எனக்குப் பழகிவிட்டது. டீ வாங்கி வருவாள். நான் தண்ணீர் கேட்பதற்கு முன் எடுத்து நீட்டுவாள். பக்கத்தில் ஒரு ஆள் இருப்பது நன்றாகத்தான் இருந்தது. பயமே அதுதான். இன்னும் கொஞ்ச நாள் இப்படிப் போனால் அவளே போகிறேன் என்றாலும் நான் அனுப்ப மாட்டேன். அதற்குள் ஏதாவது செய்ய வேண்டும் என்று பள்ளிக்குக் கிளம்பினேன்.

அக்காவும் கூடவே கிளம்பினார்.

"நீ போனா ரெண்டு வார்த்த பேசிட்டுக் கம்முனு வந்துடுவ. மிச்சத்த நா பேசறேன், நட."

ஹெச்.எம். மேடம் எங்களை உட்காரச் சொன்னார். கணக்கு மிஸ் ஓரமாக நின்றார்.

"ஸ்கூலுக்கு போன் கொடுத்து அனுப்பாதீங்கன்னு மீட்டிங்ல சொன்னோம் இல்லம்மா?"

"சொன்னீங்க மேடம். குடுத்தது என் தப்பு. அதுக்கு வெரல் ஒடையணுமா?"

"அடிச்சது தப்புதான். மிஸ்ஸைக் கண்டிச்சிருக்கேன்." என் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு. ஆறாவதுல சேர்க்கும்போது இதே ரூம்ல நீங்க என்ன சொன்னீங்க? கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிடுங்கன்னு சொல்லல?"

சொல்லியிருந்தேன். எங்கள் பக்கம் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கிற எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். வணக்கம் சொல்கிற மாதிரி அது ஒரு பேச்சு.

அக்கா முந்திக்கொண்டார்.

"மேடம், பெத்த புள்ளைய நாங்க காலைல எழுந்ததும் எமனேன்றோம், சனியனேன்றோம். அதுக்காக எமன் வாசல்ல வந்து நின்னா, இந்தா கூட்டிக்கினு போன்னு அனுப்புவோமா?"

மேடம் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"அப்ப சொன்னேன் மேடம்," என்றேன். "இப்ப வாபஸ் வாங்கிக்கறேன். தோலும் எங்குளுதுதான்."

மிஸ் ஓர் எட்டு முன்னால் வந்தார். தென்மாவட்டத்துப் பேச்சு. "மன்னிச்சிருங்கம்மா. எனக்குக் கோவத்துல கண்ணு தெரியல."

"என்கிட்ட இன்னாத்துக்கு சொல்றீங்க. அடி வாங்கினது நா இல்ல."

"அவ வந்ததும் சொல்லுதேன்."

"நீங்க சொன்னாதான் அவ வருவா. இல்லாட்டி கடையிலதான் நிப்பா. என் பக்கத்துலயே."

மிஸ் தலை குனிந்தார்.

மேடம் போன் பேச்சை எடுத்தார். வேலைக்குப் போகிற வீட்டில் எல்லோரும் ஏதோ ஒரு காரணத்துக்குக் கொடுத்து விடுகிறார்கள், பையைச் சோதித்து மாளவில்லை என்றார். காலையில் கேட்டிலேயே வாங்கி வைத்து, சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட்டால் சண்டையே இல்லை. அதற்கு ஒரு நல்ல பெட்டிதான் இல்லை.

"பொட்டி நா தரேன்," என்றேன்.

மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டிதான். நல்ல மூடி உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். புளி போட்டுத் தேய்த்தேன். சோப்புப் போட்டுக் கழுவினேன். மொட்டை மாடியில் வெயிலில் வைத்தேன். அக்கா மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து பார்த்தார்.

"கோயில்ல வெக்கலாம்," என்றார்.

கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் கூட்டம் அப்படியே கடைக்கு வரும். கை ஓயாத நேரம். கூட்டத்தின் நடுவில் ஒரு பெண் இடுப்பில் பெட்டியோடு வந்தாள். யாரோ புதுசாக மீன் விற்க வந்திருக்கிறாள், இடம் கேட்பாள் என்று நினைத்தேன். பார்த்தால் கணக்கு மிஸ். நான் கொடுத்த பெட்டி.

மகள் அவரைப் பார்த்ததும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தாள். மீனைப் புரட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

"அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க," என்றார் மிஸ். "பெட்டி கொஞ்சம் வாடை அடிக்கி."

"வாடையா? எங்க?"

வாங்கி முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. அக்காவிடம் கொடுத்தேன்.

"சோப்பு வாசன வருது. வேற இன்னா வரணும்?"

"இல்லக்கா, மீன் வாடை. பிள்ளைங்க போன் எல்லாம் மணக்கு. போன காதுல வச்சா பஸ்ல பக்கத்து ஆள் எந்திரிச்சுப் போயிருதாரு. ஒரு பையன் போன வீட்டுப் பூனை கவ்விட்டு ஓடிருச்சு. பரண் மேல ஏறி எடுத்திருக்காங்க."

அக்கா பெட்டியை என் மகளிடம் நீட்டினார். அவள் முகர்ந்தாள். நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள்.

"ஒண்ணுமே வரலியே," என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே புரிந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தாள். கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு பலகை ஓரம் உட்கார்ந்து சிரித்தாள். அடி வாங்கிய நாளிலிருந்து நான் கேட்காத சிரிப்பு. அக்கா, நான், மீன் வாங்க வந்தவர்கள் எல்லோரும் சிரித்தோம்.

"ஒரு நல்லது நடந்துச்சு," என்றார் மிஸ். "பாதிப் பேரு போனே கொண்டு வரது இல்ல."

"மீனு வேணுமா மிஸ்? நெத்திலி போடட்டா?" என்றார் அக்கா.

"நான் சைவம்க்கா."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சைவமா? இந்தப் பொட்டிய இடுப்புல வெச்சிக்கினு பஸ்ல வந்தியா தாயி? இதுக்கு மேல ஒரு தண்டன இன்னா கீது."

மிஸ் சிரிக்கவில்லை. மகளைப் பார்த்துத் திரும்பினார்.

"பெட்டிக்காக மட்டும் வரலம்மா. உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். அன்னைக்கே கேட்டிருக்கணும்."

மகள் ஓர் அம்மாவுக்குக் கானாங்கெளுத்தி எடுத்துப் போட்டாள். தராசைப் பார்த்தாள். பையில் கட்டிக் கொடுத்தாள். மிஸ் ஐஸ் தண்ணீரில் நின்றுகொண்டே இருந்தார்.

"கால நகத்தி வெய்ங்க மிஸ், செருப்பு நனையுது," என்றாள். பிறகு கேட்டாள். "என்னிய வுடுங்க. வேற யாரயாவது அடிப்பீங்களா?"

"மாட்டேன்."

"கோவம் வந்தா?"

மிஸ் யோசித்தார். "வகுப்ப விட்டு வெளிய போய் நிப்பேன்."

"இது நல்லா கீதே," என்றார் அக்கா. "மிஸ்ஸே முட்டி போடாத கொற."

மகள் கையைத் துண்டில் துடைத்தாள்.

"நாளைக்கு வரேன் மிஸ்."

திங்கட்கிழமை அவள் யூனிபார்ம் போட்டுக்கொண்டு போனாள். ஜடை நான் பின்னிவிட்டேன். அன்று மீன் பாதிதான் விற்றது. எழுதிக் கேட்கிற வீட்டுக்காரர்களை இனிமேல் எழுதாமல் குரலைப் பதிந்து அனுப்பச் சொல்லிவிட்டேன். பேசினார்கள். எனக்கும் புரிந்தது.

சாயங்காலம் கடைக்கே நேராக வந்தாள். பையை இறக்கி வைத்தாள்.

"இன்னா ஆச்சி?"

"மிஸ் ரெண்டு தபா வெளிய போய் நின்னாங்க மா."

"நீங்க இன்னா பண்ணீங்க?"

"மொத தபா சிரிச்சோம். ரெண்டாவது தபா ரொம்ப நேரமா வரல. அப்பறம் நா போய், வாங்க மிஸ், கணக்கு பாதியில நிக்குதுன்னு கூப்ட்டேன்."

"வந்தாங்களா?"

"வந்தாங்க. அந்தக் கணக்கு எனக்கு வந்துச்சி மா."

மீதி மீனை ஐஸில் போட்டு மூடினேன். இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம். வழியெல்லாம் அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள்.