சின்னிவிரலும் மூன்று போல்ட்டுகளும்

பழைய பட்டாளத் துவக்குகளை வேட்டைத் துவக்குகளாக மாற்றுகிற பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரேயொரு வேதவாக்கியம்தான்: வெறுமையாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாதே.

வீடு கூட்டுகிற, கிழவிகளைக் குளிப்பாட்டுகிற, கோப்பை கழுவுகிற என் சகோதரிகளே, உங்கள் முறைப்பாடுகள் எல்லாம் எனக்குத் தெரியும். என்னுடையதையும் கொஞ்சம் கேளுங்கோ. இத்தாலியில், இந்தப் பலேர்மோவில் எத்தனையோ சிஞ்ஞோரா அம்மாமார் வீட்டு வேலைக்கு ஆள் தேட, துவக்குக்குப் பயந்து மன்னாரை விட்டு ஓடி வந்த எனக்குக் கிடைத்தது போர்கோ வெக்கியோவில் ஒரு துவக்குப் பட்டறை. விட்டுவிட்டுப் போகவும் வழியில்லை. கோடை முடிந்ததும் மொண்டெல்லோ சாப்பாட்டுக் கடையில் என் கணவருக்கு வேலை நின்றுவிட்டது. மார்கழியோடு எங்கள் பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே இருக்கிற அனுமதி, முடிகிறது. அதைப் புதுப்பிக்க, 'இவ என்னிடம் வேலை செய்கிறா' என்று பட்டறைக்காரர் மாஸ்த்ரோ நீனோ கையெழுத்து வைத்த கடதாசி குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோருக்குப் போக வேண்டும். அந்தக் கையெழுத்து விழும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தேன். என் கணவர் நாட்கூலி தேடி அலைந்தபடியால் மூன்று வயது மகள் ஜெனிற்றாவும் என்னோடு பட்டறையில்.

சின்னிவிரல்

கூட்டித் துடைக்கத்தான் போனேன். முதல் நாளே மாஸ்த்ரோ என் கையை விரிக்கச் சொல்லி, துணி வாங்குகிறவர் மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுபது வயது மனிசன். ஒவ்வொரு விரலும் கதலிப்பழத் தடிப்பு. சன்னம் போய் இருக்கிற அறைக்குள் அவருடைய எந்த விரலும் நுழையாது. என் சின்னிவிரல் நுழையும். கண் ஏமாறும், விரல் ஏமாறாது என்பது அவருடைய கொள்கை. ஆகவே பட்டறைக்குள் வருகிற ஒவ்வொரு துவக்கிலும், அறையின் வாயை அடைக்கிற இரும்புத் தண்டான போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, அறைக்குள் சின்னிவிரலை விட்டுச் சுற்றிப் பார்த்து, 'வுவோத்தோ' என்று நான் சத்தமாகச் சொல்ல வேண்டும். வெறுமை என்று அர்த்தம். என் கையிலிருந்து வாங்குகிறவரும் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஒரு துவக்கும் கைமாறாது.

போல்ட் இழுபடுகிற அந்தச் சளக் சத்தம் இருக்கிறதே, அதை நாங்கள் ஊரில் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டவர்கள். பொய் சொல்லத் தெரியாமல், "மாஸ்த்ரோ, எனக்குப் பயமாய்க் கிடக்கு" என்றேன். அவர் கூரையைக் காட்டினார். அங்கே ஒரு ஓட்டை, அதற்கு மேல் ஒரு தகரத் துண்டு.

"உனக்கு முந்தி நிண்டவன் ஒண்டுக்கும் பயப்படாதவன், பிள்ளை" என்றார்.

பன்றிக்கு வாசிக்கத் தெரியாது

பட்டாளம் கழித்து விற்கிற துவக்குகள் கிறீஸில் குளித்து வரும். கிறீஸ், தோளில் வைக்கிற மரப்பிடங்குக்குள் வருடக்கணக்காக ஊறிக் கிடக்கும். சுடுதண்ணீரும் சோடாத்தூளும் போட்டு அதை எடுப்பது என் வேலை. பிறகு மாஸ்த்ரோ குழலைக் குறுக்குவார், பிடங்கைச் செதுக்கி மெலிய வைப்பார், நான் சாண்ட்பேப்பரால் உரஞ்சி ஆளிவிதை எண்ணெய் பூசுவேன். ஒருநாள் ஒரு பிடங்கில் கிறீஸ் போகப் போக, கத்தியால் கீறின எழுத்துகள் எழும்பி வந்தன. ஒரு பெண்ணின் பெயர். அதற்குக் கீழே ஐந்து கோடுகள். நாட்களை எண்ணினானோ ஆட்களை எண்ணினானோ தெரியாது. சாண்ட்பேப்பர் என் கையிலேயே நின்றுவிட்டது.

துவக்குக்குச் சொந்தக்காரர் சந்தையில் இறைச்சிக்கடை வைத்திருப்பவர். அவரைக் கூப்பிட்டுக் காட்டி, இதை அழிக்கவோ விடவோ என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்தார். கழற்றித் துடைத்தார். திரும்பவும் வாசித்தார்.

"பன்றிக்கு வாசிக்கத் தெரியாது, சிஞ்ஞோரா. எனக்குத் தெரியும். உரஞ்சிப்போடுங்கோ."

கலியாணத் துவக்கு

மலைப்பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவர் தகப்பனுடைய துவக்கைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார். பத்திரம் எல்லாம் சரி. தகப்பன் செத்து இருபது வருடமாம், அன்று தொட்டு யாரும் சுட்டதில்லையாம், வெறுமையாம். ஜெனிற்றா என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளை உள்ளறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் துவக்கை எடுத்தேன். துருப்பிடித்த போல்ட் வர மறுத்தது. மாஸ்த்ரோ குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்ள, நான் இரண்டு கையாலும் இழுத்தேன். சளக். மஞ்சளாய் ஒரு சன்னம் துள்ளி மேசையில் விழுந்து உருண்டது. பிறகு இன்னொன்று. மொத்தம் ஐந்து.

ஆட்டுக்காரர் கதிரையைத் தேடிப் பிடித்துக் குந்தினார். தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்து, பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

"என்ர கலியாணத்தண்டு இதைத் தோளில வைச்சு ஆடினனான்" என்றார். "மாமியார் பக்கத்தில நிண்டவ."

ஜெனிற்றாவின் கோப்பை

பிள்ளைகள் நாங்கள் படிப்பிக்கிறதைப் படிக்காதுகள். ஜெனிற்றா பட்டறையில் படித்தது ஒரேயொரு சொல். பால் குடித்து முடிந்தால் போத்தலைத் தலைகீழாகப் பிடித்து, சின்னிவிரலை வாய்க்குள் விட்டுச் சுற்றி, "வுவோத்தோ" என்பாள். வாங்குகிறவர் திருப்பிச் சொல்லும்வரை கையை விடமாட்டாள். சொல்லாமல் பறித்தால் தெரு முழுக்கக் கேட்க அழுவாள்.

மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்திலும் அதையே செய்தாள். எங்களோடு ஒரே மாடியில் இருக்கிற மாக்கிறற் அக்கா கோப்பையை வாங்கப் போய் ஐந்து நிமிடம் இழுபட்டா. என்ன இது என்று கேட்க, நான் விளக்கம் சொன்னேன். அவ கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தா.

"அங்கை துவக்குக்குப் பயந்து ஓடி வந்தாய். இஞ்சை அதுக்கு எண்ணெய் பூசிக் குளிப்பாட்டுறாய். நல்லாத்தான் ஓடினாய், றெஜீனா."

மடத்துக் கரண்டிகள்

இனி என் பிழைக்கு வருகிறேன். பட்டாளத் துவக்குகள் வரும்போது போல்ட்டுகள் கலந்துதான் வரும். மாஸ்த்ரோ ஒவ்வொரு துவக்குக்கும் ஒரு போல்ட்டை அராவிப் பொருத்தி, துவக்கின் மேல் பூட்டுகிற தொலைநோக்கியில் முட்டாதபடி அதன் கைப்பிடியைச் சூடாக்கி வளைத்து, வாடிக்கையாளரின் பெயரட்டையை நூலால் கட்டிவிடுவார். அளவு பார்க்க இரும்பில் செய்த இரண்டு பொய்ச் சன்னங்கள் உண்டு. பச்சை பூசியதை உள்ளே வைத்தால் போல்ட் மூட வேண்டும். சிவப்பு பூசியதை வைத்தால் மூடக் கூடாது. சிவப்பிலும் மூடினால் அந்தத் துவக்குக்கு அந்த போல்ட் குட்டை. சுடும்போது வெடி பின்னுக்கு வந்து முகத்தில் அடிக்கும். முதல் கிழமையே இதைச் சொல்லித் தந்துவிட்டார்.

தெரிந்துகொண்டும் செய்தேன். அந்த வெள்ளிக்கிழமை மூன்று துவக்குகள் முடிந்திருந்தன. மூன்று போல்ட்டிலும் நூல் எண்ணெய் ஊறிக் கறுத்துக் கிடந்தது. நான் கன்னியர் மடத்தில் எட்டு வருடம் இருந்து படித்தவள். ஞாயிறு மேசைக் கரண்டிகளை ஒன்றாகப் போட்டுக் கழுவி, ஒன்றாகத் துடைத்து, வரிசையாக அடுக்காவிட்டால் சிஸ்டர் திரும்பக் கழுவ வைப்பா. கை தன்பாட்டில் நூலை அவிழ்த்தது. மூன்றையும் ஒரே சட்டியில் கழுவினேன், துடைத்தேன், வரிசையாக அடுக்கினேன். புது நூல் எடுத்து அட்டைகளைக் கட்டினேன். எடுத்த ஒழுங்கிலேயே வைத்ததாக என் மனதில் ஒரு நம்பிக்கை. மாஸ்த்ரோ ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது போல்ட்டோ, பூசைப் பாத்திரமோ?"

நான் அன்று முழுக்கச் சந்தோசமாகத் திரிந்தேன்.

பஸ்ஸில் போன போல்ட்

சனிக்கிழமை மத்தியானம் மொண்டெல்லோவில் இருக்கிற அவ்வொக்காத்தோ, அதாவது வக்கீல் ஐயா, தன் துவக்கை வாங்க வந்தார். எங்கள் வழக்கப்படி துவக்கு உறையில், போல்ட் தனியாகத் துணியில். மறுநாள் கலாப்ரியா மலையில் காட்டுப்பன்றி வேட்டை. இன்றைக்குப் பின்னேரம் நாலு மணிக்கே வீட்டிலிருந்து கார் வெளிக்கிடும் என்று சொல்லிப் போனார். மாஸ்த்ரோ கடைக்கதவை இறக்கிவிட்டு மேலே நித்திரைக்குப் போனார். மிச்சம் இரண்டு துவக்கையும் பச்சைச் சன்னம் வைத்துப் பார்த்துவிட்டு நான் பின்கதவால் போக வேண்டும்.

முதலாவதில் பச்சையை வைத்து போல்ட்டைத் தள்ளினேன். கைப்பிடி பாதியில் நின்றது. திரும்பத் தள்ளினேன். மூட வேண்டியது மூடவில்லை. இது இந்தத் துவக்கின் போல்ட் இல்லை, நீளமானது. அடுத்த துவக்கில் அதனுடைய போல்ட் ஒழுங்காக மூடியது. அப்படியென்றால் மாறிப்போனது வக்கீல் ஐயாவுடையது. நீளமானது இங்கே, குட்டையானது அவரிடம்.

வக்கீல் ஐயாவின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். மூன்று தரமும், அங்கே யாரோ கதைத்துக்கொண்டிருக்கினம் என்கிற டூ டூ சத்தம். மாஸ்த்ரோவின் கட்டிலுக்குப் பன்னிரண்டு படிதான். எழுப்பினால் கையெழுத்துப் போகும். எழுப்பாவிட்டால் ஒரு மனிசனின் முகம் போகும். சகோதரிகளே, அந்தப் படிக்குக் கீழே நின்று நான் எடுத்தது மூன்றாவது வழி. சரியான போல்ட்டையும் சிவப்புச் சன்னத்தையும் ஜெனிற்றாவின் கம்பளிச்சட்டைக்குள் சுற்றி, பால்போத்தலுக்குக் கீழே பைக்குள் வைத்துக்கொண்டு மொண்டெல்லோ பஸ் எடுக்க ஓடினேன்.

மாஃபியாக்காரரின் குண்டுவெடிப்புகளால் அந்த நாட்களில் நகரத்தில் பட்டாளம் நின்றது. பஸ் தரிப்பில் இரண்டு பேர் ஆட்களை மறித்தார்கள். துவக்கின் ஒரு துண்டைக்கூடப் பத்திரம் இல்லாமல் கொண்டுபோகக் கூடாது என்பது என்னை மறித்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது. மீசை அரும்பாத ஒருவன் என் பெர்மெஸ்ஸோவை வாங்கி, திகதியைப் பார்த்து, பையில் என்ன என்றான். அதற்குள் ஜெனிற்றா பைக்குள் கையை விட்டுப் போத்தலை உருவி, தலைகீழாகப் பிடித்து, சின்னிவிரலை விட்டுச் சுற்றி, "வுவோத்தோ" என்றாள். அவன் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. அவன் திருப்பிச் சொல்லும்வரை அவனையே பார்த்தாள். அவன் தோளில் தொங்கிய துவக்கும் அவளையே பார்த்தது.

"வுவோத்தோ" என்றான் அவன், கூட நின்றவன் சிரிக்க. "ஏறுங்கோ சிஞ்ஞோரா, பிள்ளை பசியில நிக்குது."

சிவப்பு

வக்கீல் ஐயாவின் வீட்டுக்கு முன்னால் கார் திறந்து கிடந்தது. சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் எழும்பி வந்தாள், என் வயது இருக்கும். ஐயாவின் மகள். அவ்வளவு நேரமும் தொலைபேசியில் கதைத்தது தான்தான் என்று சிரித்தபடி ஜெனிற்றாவைத் தூக்கிக்கொண்டாள். நான் முற்றத்திலேயே நின்று ஐயாவிடம் எல்லாம் சொன்னேன். அவர் நம்பவில்லை. துவக்கை எடுத்து வந்து, சிவப்புச் சன்னத்தைத் தன் கையால் வைத்து, போல்ட்டை மூடினார். வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி மூடியது. திறந்து, நான் கொண்டுபோன போல்ட்டை மாற்றிப் போட்டார். பாதியில் நின்றது. அழுத்தினார். அசையவில்லை.

"மாஸ்த்ரோவோ உன்னை அனுப்பினவர்?"

"இல்லை ஐயா. அவருக்குத் தெரியாது. நான்தான் மாத்திக் கட்டினனான்."

ஆம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். பொய் சொல்லாதே என்று மடத்தில் படித்தது அந்த நேரத்தில்தான் வாய்க்கு வரும். அவர் உள்ளே போய் மாஸ்த்ரோவுக்குத் தொலைபேசி எடுத்தார். எனக்குக் குவெஸ்தூராவின் நீண்ட வரிசை கண்ணுக்கு முன்னால் போனது. பேசி முடித்து வந்தவர், என் மகளுக்குத் தன் தொப்பியைப் போட்டு விளையாடுகிற தன் மகளைப் பார்த்தார்.

"நான் பத்து வருசமாய் வேட்டைக்குப் போறன், இன்னும் ஒரு பன்றி விழேல்லை" என்றார். "நாளைக்கு முதல் வெடி வைக்க இருந்தவள் இவள்."

திங்கட்கிழமை

காலையில், மொண்டெல்லோவிலிருந்து திருப்பிக் கொண்டுவந்த குட்டை போல்ட்டை மாஸ்த்ரோவிடம் கொடுத்தேன். அவர் அதையும் பட்டறையில் இருந்த மற்றதையும் எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு இலக்கம் வெட்டினார். நூலையும் அட்டைகளையும் குப்பைவாளிக்குள் போட்டார். சனிக்கிழமை படியேறி வந்து எழுப்பாததற்கு என்ன காரணம் என்று மட்டும் கேட்டார். "பயம்" என்றேன். கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மேசை லாச்சியைத் திறந்து குவெஸ்தூராக் கடதாசியை எடுத்தார். எண்ணெய்க் கை பட்டு அதில் ஒரு பெருவிரல் அடையாளம் விழுந்தது. அதற்குப் பக்கத்தில் பேனையை வைத்தார், எழுதாமல். பிறகு எழுதினார்.

"கையெழுத்து வைக்கிறன், பிள்ளை. ஆனால் இனிமேல் என்ர போல்ட்டை பஸ்ஸில ஏத்தாதை. என்னை எழுப்பு."

துவக்கு இல்லாத இடம் தேடிக் கடல் தாண்டி வந்த எனக்கு இந்த ஊரில் இன்னும் இரண்டு வருடம் இருக்க அனுமதி தந்தது, துவக்கு எண்ணெய் பட்ட ஒரு கடதாசிதான்.